அட்டவணையில் சிவப்பு போகவில்லை: விலை கூடிய பதிப்பு வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் கொண்ட குழு. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டின் ஸ்டாண்டர்டு பதிப்பில் வேலை அட்டவணை போடுகிறோம். எங்கள் வடிவமைப்பாளரின் பெயர் பாதி வாரங்களில் சிவப்பாகவே, அதாவது அளவுக்கு மீறிய வேலை என்ற அடையாளத்தோடு, நிற்கிறது. 'ப்ரொஃபஷனல் வாங்குங்கள், தானாகவே சரியாகிவிடும்' என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நெரிசலான வேலைகளைத் தானாகத் தள்ளிவைக்கும் 'லெவலிங்' வசதி உங்கள் பதிப்பிலேயே இருக்கிறது. ப்ரொஃபஷனலில் கூடுதலாக வருவது 'டீம் பிளானர்' என்ற காட்சி. ஒருவர் வரிசையில் இருக்கும் வேலையை இழுத்து இன்னொருவர் வரிசையில் போடலாம். நல்ல வசதிதான், ஆனால் இழுத்துப் போட வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் அந்தச் சிவப்பு நிஜம்தானா என்று பாருங்கள். ஒரே நாளில் அவருக்கு ஒரு மணி நேர வேலைகள் இரண்டு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும் நேரத்தைக் குறிக்காமல் விட்டால் இரண்டும் காலை முதல் மணியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். நாள் முழுக்க அவருக்கு இரண்டே மணி நேர வேலைதான். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு 200 சதவீதம் என்று கணக்காகிப் பெயர் சிவந்துவிடும். 'ரிசோர்ஸ் யூசேஜ்' காட்சியைத் திறந்து நாள்வாரியாக மணிக்கணக்கைப் பாருங்கள். ஒரு நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 14, 16 என்று நின்றால் அது உண்மையான சுமை.

அடுத்தது, சதவீதம். ஒருவருக்கு வேலை கொடுத்தால் முழுநேரமும் அவர் அதில்தான் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஐந்து நாள் நீளும் வேலையில் அவர் தினம் இரண்டு மணி நேரம்தான் செலவிடுவார் என்றால் 25 சதவீதம் என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் அந்த வேலையின் வகையை 'ஃபிக்ஸ்டு டியூரேஷன்' (நாள் கணக்கு மாறாத வகை) என்று வைத்துவிடுங்கள். மறந்தால் ஐந்து நாள் வேலை இருபது நாளாக நீண்டு நிற்கும்!

இவ்வளவுக்கும் பிறகு சிவப்பு மிஞ்சினால் லெவலிங் போடலாம். ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். லெவலிங் வேலையைத் தள்ளிப்போடும் அல்லது துண்டாக்கும், அவ்வளவுதான். ஆளை மாற்றாது. அதனால் முடிவுத் தேதி தள்ளிப்போகலாம். ஸ்லாக் என்பது முடிவுத் தேதியைத் தொடாமல் ஒரு வேலை தள்ளிப்போகக்கூடிய இடைவெளி. 'கிடைக்கும் ஸ்லாக்குக்குள் மட்டும்' என்ற விருப்பத்தைத் தேர்ந்தால் முடிவுத் தேதி நகராது, ஆனால் கொஞ்சம் சிவப்பு அப்படியே தங்கலாம். எந்த வேலை நகரவே கூடாதோ அதன் முன்னுரிமையை 1000 ஆக்குங்கள். எல்லா வேலைக்கும் முதலில் 500தான் இருக்கும். பிடிக்காவிட்டால் 'கிளியர் லெவலிங்' கொடுத்தால் போதும், தள்ளிவைத்தது நீங்கிவிடும்.

ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் 80 மணி நேர வேலை இருந்தால், அதைத் தீர்க்கும் பதிப்பு எதுவும் கடையில் இல்லை. தேதியைத் தள்ள வேண்டும், பாதியை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலையைக் குறைக்க வேண்டும். அந்தப் பேச்சை அவரோடு உட்கார்ந்து இந்த வாரமே பேசுங்கள். சிவப்பு என்பது அவர் வீட்டுக்குப் போக வேண்டிய சாயங்காலம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள்: அவர் மூன்று தனித்தனி ஃபைல்களில் வேலை செய்கிறாரா? அப்படியென்றால் ஒவ்வொரு ஃபைலும் தனியாகப் பார்க்கும்போது சரியாகத்தான் தெரியும். மூன்றையும் ஒரு 'ரிசோர்ஸ் பூல்' (எல்லா ஃபைல்களுக்கும் பொதுவான ஆட்களின் பட்டியல்) உடன் இணைத்தால்தான் மொத்தச் சுமை கண்ணில் படும்.

அப்புறமும் வாங்கத் தோன்றினால், விற்பனையாளர் காட்டும் அழகான மாதிரி ஃபைலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சோதனைக் காலத்தில் உங்கள் சொந்த ஃபைலையே ஏற்றி, மிக மோசமான வாரத்தைத் திறந்து, 'இதைச் சரிசெய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

கேள்வி: கேன்ட்ப்ராஜெக்ட் என்ற அட்டவணை மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறதே. சின்னக் குழுவுக்கு அது போதுமா?

பதில்: போதும். யாருக்கு எந்த நாளில் வேலை மிஞ்சுகிறது என்பதைச் சிவப்புப் பட்டையில் காட்டிவிடும். வேலையை நகர்த்துவது உங்கள் கையில். நான்கைந்து பேர் என்றால் அது பெரிய வேலையே இல்லை.