வெளியானவுடன் வரும் முதல் விமர்சனங்களை நம்பி மிக மெல்லிய மடிக்கணினியை வாங்கலாமா?

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் பதில்: எழுத்து வேலைக்கு என்றால் வாங்கலாம், வீடியோ தொகுப்பு போன்ற நீண்ட நேர வேலைக்கு என்றால் சில மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது.

கணினியின் மூளையான சிப் அதிகம் சூடேறும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதைத் ‘தெர்மல் த்ராட்லிங்’ என்பார்கள். கணினி மெலிய மெலிய விசிறிக்கும் காற்றோட்டத்துக்கும் இடம் குறைவதால், வெப்பம் வெளியேறத் தாமதமாகிறது. அல்சூரின் ஓர் அறை வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைப்பவருக்கு, ஒரு காபி போடும்வரை ஒன்றும் தெரியாது. பத்துப் பேருக்குச் சமைக்கும்போதுதான் புழுக்கம் தாங்காமல் அடுப்பைத் தணிக்க நேரிடும். சில நிமிடச் சோதனைகள் காட்டும் எண்கள் அந்தக் காபியைப் போன்றவை என்பதால், அரைமணி நேரமாவது தொடர்ந்து வேலை வாங்கிப் பார்த்த விமர்சனத்தையே தேடுங்கள்.

நீடித்து உழைக்குமா என்பது தொடக்கத்தில் தெரியவே தெரியாது: 2015-இல் ஆப்பிள் வெளியிட்ட 12 அங்குல மேக்புக்கின் மெல்லிய விசைப்பலகையின் கோளாறுகளுக்கு, 2018-இல்தான் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் வந்தது. (ரேம் என்னும் தற்காலிக நினைவகம் கணினியின் மின்சுற்றுப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரரும் பின்னாளில் அதைக் கூட்டித்தர முடியாது.)

விசிறி இல்லாத கணினி சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் சத்தம்தான் இல்லை, வெப்பம் கணினியின் உடல் வழியாகவே வெளியேறுகிறது.