பந்தல் பயறுல கருப்பு பேனு, புகையிலை கஷாயம் அடிக்கலாமா?

கேள்வி: சார், குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் 20 சென்ட்ல பந்தல் பயறு போட்டிருக்கேன். குருத்து, பிஞ்சு எல்லாம் கருப்பு பேனு (சாறு உறிஞ்சுற அசுவினி) அப்பிக் கிடக்கு. வேப்பிலை அரைச்சு ரெண்டு தடவ அடிச்சும் கேக்கல. புகையிலை கஷாயம் அடிச்சா உடனே போவும்னு சொல்லுதாங்க, அடிக்கட்டா?

பதில்: அண்ணே, புகையிலை வேண்டவே வேண்டாம். பேனு சாவும், நெசந்தான், ஆனா அதுல உள்ள நிகோட்டின் தோல் வழியாவே உடம்புல ஏறும், கை நனைஞ்சாலே தலைசுத்தலு வாந்தின்னு வரும், நீங்க ஒண்ணுவிட்ட ஒருநாள் பறிச்சு சந்தைக்கு அனுப்புற காய் வேற. செடியில இருந்து எடுத்ததுன்னா விஷம் இல்லன்னு நெனைக்காதீங்க. பேன தின்னுற பொறிவண்டும் சேந்து செத்துரும்.

வேப்பிலை கேக்காததுக்குக் காரணம், பூச்சிய அடக்குற அசாடிராக்டின்ங்கிற சத்து அதிகமா இருக்கது வேப்பங்கொட்டைப் பருப்புல, இலையில கொஞ்சந்தான். உங்க பக்கம் மழை கூடுதல், வேப்பமரம் கம்மி, ஆரல்வாய்மொழி தோவாளை பக்கம் சொல்லி வச்சு கொட்டை வாங்குங்க, பழசு வேண்டாம், வீரியம் போயிருக்கும். 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ பருப்பு இடிச்சு துணியில கட்டி ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் சாயந்திரம் பால் மாதிரி வார வரை பிழிஞ்சு வடிகட்டி மிச்சத் தண்ணி சேத்து 50 கிராம் பார் சோப்பையும் கரைச்சு ஊத்துங்க. வெயில் தாழ்ந்த பெறவு தான் அடிக்கணும், வெயில்பட்டா சத்து போயிரும், காலையில தேனீயும் பூவுக்கு வரும். இலைக்கு அடிப்பக்கம் நல்லா நனையணும், பேனு அங்கதான் ஒட்டிக் கிடக்கு. மழை பெஞ்சு கழுவிட்டா மறுபடி அடிங்க, இல்லன்னா ஏழு நாள் கழிச்சு ஒருக்கா.

மறுநாளே பேனு உதிரலயேன்னு மருந்த மாத்தாதீங்க. இது தின்ன விடாது, தோலுரிச்சு வளர விடாது, மெதுவாத்தான் குறையும்.

பருப்பு கிடைக்கலன்னா 10 லிட்டருக்கு 200 மில்லி வேப்பெண்ணெய், 200 கிராம் பூண்டு அரைச்சுப் பிழிஞ்ச சாறு, 50 கிராம் சோப்பு. சோப்ப வெந்நீர்ல கரைச்சு எண்ணெய கொஞ்சங் கொஞ்சமா ஊத்தி அடிச்சுக் கலக்கணும், எண்ணெய் மிதந்தா இலை கருகிரும், முதல்ல நாலு செடியில அடிச்சுப் பாருங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி ரொம்ப அப்பின குருத்த ஒடிச்சு சோப்புத் தண்ணியில போட்டுருங்க. எறும்பு ஏறுதான்னும் பாருங்க, தேன் மாதிரி வடியுறதுக்காக அது பேனுக்கு காவல் நிக்கும், பொறிவண்ட விரட்டும். பந்தல் கால்ல கிரீஸ் தடவுன துணி சுத்துங்க. யூரியா கூடுதலா போட்டிருந்தா இப்ப நிறுத்துங்க, இளங்குருத்து தள்ளத் தள்ள பேனு கூடத்தான் செய்யும்.