நகரம் வளர்ந்தால் வெப்பமானி என்ன காட்டும்? கேள்வி பதில்

கேள்வி: சார், கட்டடம் பெருகினால் வெப்பநிலை ஏறும் என்கிறார்கள். பகலிலா, இரவிலா?

பதில்: பெரும்பாலும் இரவில். காங்கிரீட்டும் தாரும் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு மெல்ல விடுகின்றன. நெருக்கமான தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கீற்றுதான். தரையும் சுவரும் வெளியிடும் வெப்பக் கதிர் வானுக்குப் போகாமல் எதிர்ச் சுவரில் பட்டு உள்ளேயே சுற்றுகிறது. மண்ணும் மரமும் குறைந்ததால் நீர் ஆவியாகிக் குளிர்வதும் குறைகிறது. ஏ.சி.யும் வாகனங்களும் கழிக்கும் வெப்பம் வேறு. காற்று அடங்கிய, மேகமில்லாத இரவில் இது உச்சத்தில் இருக்கும். 200 ஆண்டுகளுக்கு முன்பே லூக் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய வானிலை ஆர்வலர் லண்டனில் இதை அளந்தார்: இரவில் நகரம் புறநகரைவிட 3.7 டிகிரி பாரன்ஹீட் கூடுதல்; பகலில் 0.34 டிகிரி குறைவு. ஆகவே எந்தப் பதிவானாலும் சராசரியோடு நிற்காதீர்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தனித்தனியே பாருங்கள்.

கேள்வி: சென்னையில் கோடைப் பகலில் மீனம்பாக்கம்தான் நுங்கம்பாக்கத்தைவிட அதிகம் காட்டுகிறது. நகர நடுவில்தானே சூடு கூட வேண்டும்?

பதில்: அது கடற்காற்றின் வேலை. நுங்கம்பாக்கத்துக்குக் கடற்காற்று முன்னதாக வந்து ஏற்றத்தை நிறுத்திவிடும். உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்துக்குத் தாமதமாகத்தான் போகும். குளிர்கால இரவில் நிலைமை தலைகீழ்: மீனம்பாக்கம் விமான நிலையத் திறந்தவெளி சீக்கிரம் குளிரும். கடலிலிருந்து உள்ள தூரம் வேறுபடும் இரண்டு வானிலை நிலையங்களின் பகல் எண்களைக் கழித்து "இதுதான் நகரச் சூடு" என்று சொல்ல முடியாது.

கேள்வி: நகரங்களுக்குள் சிக்கிய நிலையங்களால்தான் உலகமே சூடாவதுபோலத் தெரிகிறது என்கிறாரே என் நண்பர்?

பதில்: இதில் இரண்டு கேள்விகள் கலந்துகிடக்கின்றன. நகரம் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடு என்பது ஒன்று. அந்த வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்பது வேறு. 100 ஆண்டுக்கு முன்பே 2 டிகிரி கூடுதலாக இருந்த இடம் இன்றும் அதே 2 டிகிரி கூடுதலாக இருந்தால், நீண்டகாலப் போக்கில் அதனால் பிழை ஏதும் வராது. லண்டன், வியன்னா நகர மையங்கள் அப்படித்தான். அவற்றின் ஏற்றமும் சுற்றுப்புற ஊர்களின் ஏற்றமும் ஏறக்குறைய ஒன்றே.

டோக்கியோ நேர் எதிர். 1927 முதலான பதிவில் அதன் ஆண்டுச் சராசரி நூற்றாண்டுக்கு 3 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறியிருக்கிறது. நகரமயம் குறைவாகப் பாதித்த 15 நிலையங்களை ஜப்பான் வானிலை முகமை தனியே வைத்திருக்கிறது. அவற்றின் ஏற்றம் இதில் சுமார் பாதி. மிச்சப் பாதியைப் பெரும்பாலும் நகரம் ஏற்றியது. உங்கள் நண்பர் டோக்கியோவைக் காட்டினால் ஒத்துக்கொள்ளுங்கள். அந்த 15 நிலையங்களையும் காட்டுங்கள். உலக அளவில், நிலப்பகுதியின் நூற்றாண்டு ஏற்றத்தில் திருத்தப்படாத நகரத் தாக்கம் 10 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்று ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2013-இல் மதிப்பிட்டது. புவியின் 71 சதவீதம் கடல். அங்கே கட்டடமே இல்லை, அதுவும் சூடாகிறது.

கேள்வி: பழைய பதிவுகளைத் "திருத்துகிறார்கள்" என்றாலே சந்தேகம் வருகிறது.

பதில்: திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2014 டிசம்பரில் டோக்கியோ நிலையம் ஓட்டேமாச்சியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்திலுள்ள கிட்டனோமாரு பூங்காவுக்கு மாறியது. அதிகபட்சம் பெரிதாக மாறவில்லை; குறைந்தபட்சத்தின் சராசரியோ 1.4 டிகிரி இறங்கியது. திருத்தாமல் கோடு வரைந்தால் டோக்கியோ ஒரே ஆண்டில் குளிர்ந்துவிட்டதாகத் தெரியும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல முகமையான நோவா, ஒவ்வொரு நிலையத்தையும் அண்டை நிலையங்களோடு கழித்துப் பார்த்து இத்தகைய திடீர்ப் படிகளைக் கண்டுபிடிக்கிறது. நாசா இரவு விளக்கொளியை வைத்து நகர நிலையங்களைப் பிரித்து, அவற்றின் போக்கைக் கிராமப்புற அண்டைகளுக்கு ஏற்பச் சரிசெய்கிறது. இம்முறைகளின் பலவீனம், அண்டை ஊர்களும் ஒரே நேரத்தில் வளர்ந்தால் ஒப்பிடக் கிராமமே மிஞ்சாது என்பதுதான். கிழக்குச் சீனாவில் இது உண்மையான சிக்கல்.

கேள்வி: எங்கள் ஊர் நிலையத்தை நானே சோதிக்க முடியுமா?

பதில்: எக்செல் போதும். குறைந்தது 30 ஆண்டு மாதச் சராசரி அதிகபட்சம், குறைந்தபட்சம் எடுங்கள். 100 கிலோமீட்டருக்குள், உயரமும் கடல் தூரமும் ஒத்த மூன்று நான்கு நிலையங்களைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தடுத்து 5 நாளோ மொத்தம் 11 நாளோ விடுபட்ட மாதத்தை நீக்குங்கள். பிறகு மாதத்துக்கு மாதம் கழித்து வித்தியாசத்தை வரையுங்கள். திடீர்ப் படி தெரிந்தால் இடமோ கருவியோ மாறியிருக்கும். எல்லா அண்டைகளோடும் அதே மாதத்தில் படி வந்தால் கோளாறு உங்கள் நிலையத்தில். ஒன்றோடு மட்டும் வந்தால் அந்த அண்டையில். குறைந்தபட்சத்தில் மட்டும் மெல்ல ஏறும் சரிவு, அதுவும் வறண்ட மாதங்களில் கூடுதலாகத் தெரிந்தால், நகரம்தான் முதல் சந்தேகம்.

கேள்வி: மொட்டை மாடியில் வைத்த சென்சார் 44 காட்டுகிறது, அறிவிப்பிலோ 39!

பதில்: உங்கள் சென்சார் வெயிலையும் தளத்தையும் சேர்த்து அளக்கிறது. புல்தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்று புகும் வெள்ளைத் தட்டடுக்குக் கூண்டுக்குள் வையுங்கள். ஏ.சி. வெளிப்பெட்டி பக்கத்தில் கூடாது. நிலையம் அமையும் இடங்களை உலக வானிலை அமைப்பு ஐந்து தரமாகப் பிரிக்கிறது. முதல் தர இடத்துக்குக் காங்கிரீட் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஐந்தாம் தர இடத்தில் இடத்தால் மட்டுமே 5 டிகிரி வரை பிழை வரலாம்.

கேள்வி: நகரச் சூட்டைக் கழித்த எண் ஆய்வுக்குச் சரி. நகரத்தில் வாழ்பவருக்கு?

பதில்: அவருக்குக் கழிக்காத எண்தான் வேண்டும், உடம்பு தாங்குவது அதைத்தான். அதில் இரவு எண்ணைக் கவனியுங்கள். இந்திய வானிலைத் துறை "வெப்ப இரவு" என்று அறிவிக்க, அதிகபட்சம் 40 டிகிரியைத் தொட வேண்டும். குறைந்தபட்சம் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூட வேண்டும். பகலில் 38-லேயே நிற்கும் கடலோர நகரம், இரவெல்லாம் புழுங்கினாலும் இந்த வரையறைக்குள் வராது. அந்த "இயல்பு" என்பதும் 30 ஆண்டுச் சராசரிதான்; நகரம் ஏற்றிவிட்ட சூடு ஏற்கெனவே அதற்குள் கலந்திருக்கிறது.