வாசகர் கேள்வி பதில்: 1/1000ல எடுத்தா மட்டும் வலது பக்கம் ஏன் இருட்டா வருது?

கேள்வி: அப்பாவோட பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா பல வருஷமா பீரோவுல கிடந்துச்சு சார். ரோல் போட்டு எடுத்துப் பாத்தேன். நல்ல வெயில்ல ஷட்டர் ஸ்பீடு 1/1000 செகண்ட் வச்சு எடுத்த படம் எல்லாத்துலயும் வலது பக்கம் இருட்டா இருக்கு, 1/125ல எடுத்ததெல்லாம் சுத்தமா வந்திருக்கு. பேட்டரி மாத்தியும் அப்படியேதான். வீடியோ பாத்து கீழ்த்தகட்டைக் கழட்டி ஸ்பிரிங்கை டைட் பண்ணிடலாம்னு இருக்கேன், பண்ணலாமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்ச நேரம் கீழ வைங்க. பேட்டரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, 1976ல வந்ததுலேருந்து 1997ல நிறுத்துற வரைக்கும் கே1000 முழுக்க மெக்கானிக்கல் கேமராதான், உள்ள இருக்கற அந்தக் குட்டி செல் லைட் மீட்டர் முள்ளை ஆட்டுறதுக்கு மட்டும்.

உங்க கேமராவுல ஃபிலிமுக்கு முன்னாடி ரெண்டு துணித் திரை இருக்கு, அதுதான் ஷட்டர். முதல் திரை ஓடித் திறக்கும், ரெண்டாவது திரை பின்னாடியே ஓடி மூடும். 36 மி.மீ. அகலத்தைக் கடக்க ஒவ்வொண்ணும் சுமாரா 10லேருந்து 14 மில்லிசெகண்ட் எடுத்துக்கும், நீங்க 1/1000 வச்சாலும் சரி 1/60 வச்சாலும் சரி திரை ஓடுற வேகம் மாறவே மாறாது, மாறுறது ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி மட்டும்தான். 1/1000ல அந்த இடைவெளி 3 மி.மீ. பக்கம் இருக்கும், அவ்வளவு சின்னக் கீத்து ஒரு ஓரத்துலேருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்ந்து போகுது. இப்ப முதல் திரை கொஞ்சம் சோம்பலா ஓடி, கடைசில ஒரு மில்லிசெகண்ட் லேட்டாச்சுன்னு வைங்க, ரெண்டாவது திரை வந்து அதைப் பிடிச்சிடும், கீத்து மூடிக்கும், அந்த இடத்துல வெளிச்சமே விழாது. அதே ஒரு மில்லிசெகண்ட் 1/125ல போனா என்ன ஆகும்? மொத்தம் 8 மில்லிசெகண்ட்ல ஒண்ணு குறையும், கண்ணுக்கே தெரியாது. அதனாலதான் உங்களுக்கு ஒண்ணு கெட்டும் ஒண்ணு நல்லாவும் வந்திருக்கு. பின்னாடியிலேருந்து பாத்தா திரை வலதுலேருந்து இடதுக்கு ஓடும், ஃபிலிம்ல படம் தலைகீழா விழுறதால ஓட்டம் முடியற இடம் பிரிண்ட்ல வலது பக்கமா வந்துடுது.

முதல் திரை ஏன் சோம்பலாச்சுன்னா, பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்ததுனால இல்ல, திரை சுத்தியிருக்கற உருளையோட முனைகள்ல போட்ட ஆயில் காஞ்சு பசை மாதிரி ஆயிடுச்சு. பீரோவுல கிடந்த கேமராவுக்கு இது சகஜம். இந்த அழுக்கோட ஸ்பிரிங்கை முறுக்கினா இன்னைக்கு சரியா ஓடற மாதிரி இருக்கும், நாளைக்கு யாராவது கிளீன் பண்ணினா திரை எக்கச்சக்க வேகத்துல போய் மோதித் திரும்பிக் குதிக்கும், அப்ப அதே ஓரத்துல இருட்டுக்குப் பதிலா பளீர்னு ஒரு கோடு விழும். துணியைப் பிடிச்சிருக்கற பழைய நாடாவும் அறுந்துபோக வாய்ப்பு இருக்கு. அதனால முதல்ல அளக்கணும், அப்புறம் சுத்தம், ஸ்பிரிங் கடைசி. இந்த வரிசையை மாத்தாதீங்க.

அளக்க காசு வேண்டாம். ஃபிலிம் இல்லாம ஒவ்வொரு ஸ்பீடுலயும் நிறைய தடவை தட்டி விடுங்க, கொஞ்சம் இளகும். அப்புறம் லென்ஸைக் கழட்டி பின் கதவைத் திறந்து, முன்னாடி எல்இடி டார்ச், பின்னாடி போன்ல 240 ஃபிரேம் ஸ்லோமோஷன். டியூப்லைட் வேண்டாம், அது தானே விட்டு விட்டு எரியும். ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 4 மில்லிசெகண்ட், அதனால 1/15க்கு 16 ஃபிரேம், 1/30க்கு 8 ஃபிரேம் வெளிச்சம் தெரிஞ்சா ஓகே. அதுக்கு மேல வேகமான ஸ்பீடுக்கு போன் பத்தாது. எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச ஃபிரண்ட் இருந்தா ஒரு போட்டோடிரான்சிஸ்டரை லேப்டாப் மைக் ஜாக்குல கோர்த்து ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க, திறக்கும்போது ஒண்ணு மூடும்போது ஒண்ணுன்னு அலைக்கோட்டுல ரெண்டு முள் நிக்கும், நடுவுல உள்ள தூரம்தான் உங்க ஸ்பீடு. இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு இடத்துலயும் பாருங்க, உங்க கேஸ்ல ஒரு ஓரத்துல மட்டும் நேரம் சுருங்கித் தெரியும்.

பழைய பெட்டி டிவி மொட்டை மாடி ரூம்ல கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, அதை விட நல்ல டெஸ்டர் கிடையாது! அது படத்தைக் கோடு கோடா வரையும், ஒரு கோடு வரைய 64 மைக்ரோசெகண்ட், அதாவது ஒரு மில்லிசெகண்டுல சுமாரா 16ல ஒரு பங்கு ஆகும். டிவியில வெறும் வெள்ளையை ஓட விட்டு, 1/1000ல தட்டி பின்னாடி வழியா பாத்தா சாய்வா ஒரு வெளிச்சப் பட்டை தெரியும், ஏறக்குறைய 16 கோடு உயரம் இருக்கணும். பட்டை ஒரு முனையில ஊசியாகித் தேஞ்சா ரெண்டாவது திரை முதல் திரையைப் பிடிக்குதுன்னு அர்த்தம். கண்ணுக்குப் பிடிபடலன்னா இன்னொரு கேமராவை பின்னாடி வச்சு போட்டோ எடுங்க.

சுத்தம் பண்றதுன்னா கீழ்த்தகட்டைக் கழட்டி உருளை முனைகள்ல மெல்லிய பிரஷ்ல லைட்டர் ஃப்ளூயிட் தொட்டு வைக்கணும், ஊத்தக் கூடாது. துணித்திரை ரப்பர் பூசினது, அதுல பட்டா வீணாப் போயிடும். காஞ்சதும் ஊசி முனையில வாட்ச் ஆயில் தொட்டு வச்சா போதும். ஒண்ணு சொல்லிடறேன், ஜப்பான் கேமரா ஸ்க்ரூக்கு சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் சரியா உக்காராது, தலையைத் தின்னுடும், ஜேஐஎஸ்னு ஜப்பான் அளவு ஸ்க்ரூடிரைவர் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க. இதுக்கப்புறமும் பட்டை தேஞ்சே இருந்தா ஸ்பிரிங் பக்கம் போகலாம், ஆனா ரெண்டு திரை ஓடற நேரமும் சமமா வருதான்னு பாத்துப் பாத்து இம்மியா நகத்தற வேலை அது, அளக்கற வசதி இல்லாம தொடாதீங்க, தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுத்துடுங்க.

கேள்வி: எங்க ஸ்டுடியோவுல இருந்த யாஷிகா மேட் 124ஜி கேமரா. 1 செகண்ட் வச்சா மூணு செகண்ட் திறந்திருக்கு, சில நேரம் மூடவே மாட்டேங்குது. 1/125 நல்லா இருக்கு. டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே அடிக்கலாமா?
– குடும்பத் தலைவி, கும்பகோணம்

பதில்: அய்யய்யோ, அடிச்சிடாதீங்கம்மா! இது லென்ஸுக்குள்ளயே இருக்கற இதழ் ஷட்டர், அந்த இதழ்கள் எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும், துளி எண்ணெய் பட்டாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். 1 செகண்டை இழுத்துப் பிடிக்கறது குட்டிப் பல்சக்கர வரிசை, 'கிர்ர்ர்'னு கேக்குதே அதோட சத்தம்தான், அங்க கிரீஸ் இறுகிப் போச்சு. சில பேர் முன் லென்ஸைத் திருகி எடுத்து உள்ள லைட்டர் ஃப்ளூயிட் ஊத்திடுவாங்க, அன்னைக்கு ஓடும், ஆனா கரைஞ்ச கிரீஸ் இதழ் மேலயே வந்து படிஞ்சு மறுபடி நிக்கும். முன் பேனலைக் கழட்டி சக்கரத்தைத் தனியா கழுவினாதான் நிக்காம ஓடும், நல்ல கடையில கொடுங்க. அதுவரைக்கும் செல்ஃப் டைமரைத் தொடாதீங்க, பழசுல அது பாதியில மாட்டிக்கிட்டா ஷட்டரே பூட்டிக்கும். 1/500 வேணும்னா ஃபிலிமைச் சுத்தறதுக்கு முன்னாடியே டயலை வச்சுடுங்க, இந்த மாதிரி ஷட்டர் பலதுல அந்த ஸ்பீடுக்குத் தனி ஸ்பிரிங் இருக்கு.

கேள்வி: செக் பண்ணினவர் என் கேமராவுல 1/1000 உண்மையில 1/700தான்னு சொல்லி ஷட்டரையே மாத்தணும்ங்கறார். மாத்தணுமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். அது அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), வயசான கேமராவுக்கு நல்ல மார்க்னே சொல்லலாம். கலர் நெகட்டிவ் அரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தை அலட்டிக்காம தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் போட்டா மட்டும் அந்த ஸ்பீடுல லென்ஸோட துளையை, அதாவது அபர்ச்சரை, அரை ஸ்டாப் மூடிக்கோங்க. படத்துல ஒரு ஓரம் இருண்டு வந்தா அப்ப எழுதுங்க.