கடலில்லா மாவட்டங்களிலிருந்து கடலைப் பற்றிச் சில கேள்விகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குக் கோடை விடுமுறையில் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கு வரும் சிறுவர்களுக்குத் தூண்டில் போடவும் நண்டு பிடிக்கவும் சொல்லிக்கொடுத்து, பிடிபட்ட உயிரைப் பற்றி விளக்க வேண்டுமாம், சம்பளமும் உண்டாம். பிளஸ் ஒன் முடித்திருக்கும் என் மகள் தனக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும் என்கிறாள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு நாங்கள் எங்கே போவது?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: பாஸ்டன் துறைமுகம் 1980களில் அமெரிக்காவின் மிக அழுக்கான துறைமுகங்களுள் ஒன்று எனப் பெயர் வாங்கியிருந்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு அத்துறைமுகத்திலுள்ள டீர் தீவில் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டு, சுத்திகரித்த நீரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கக் குழாய் வழியாகத் துறைமுகத்துக்கு வெளியே மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இன்று உங்கள் அண்ணன் மகள் அந்தத் துறையின் ஓரத்தில் நின்று சிறுவர்களுக்கு நண்டு காட்ட முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் பொதுப்பணம் செலவழித்த பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

நம் துறைமுகங்களில் பள்ளி மாணவர்களைச் சம்பளம் கொடுத்து இத்தகைய பணிக்கு அமர்த்துவது இன்னும் வழக்கமாகவில்லை. ஆனால் அந்த வேலையில் ஒரு பெண் கற்றுக்கொள்வது சம்பளத்தால் வருவதன்று. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நண்டைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஆணா, பெண்ணா?" என்று கேட்கும்போது பதில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடிதான் அவளைப் படிக்க வைக்கிறது. அந்த நெருக்கடியைக் காவேரிப்பட்டினத்திலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்கு உங்கள் மகளை அனுப்புங்கள். நீலக்கால் நண்டு வந்திருந்தால் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: வயிற்றுப் பக்கத்தில் மடிந்திருக்கும் மடல் குறுகிக் கூராக இருந்தால் ஆண்; அகன்று அரைவட்டமாக இருந்தால் முதிர்ந்த பெண். அந்த மடலுக்கடியில் முட்டைத்திரள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் முட்டையிட்டு அதிக நாளாகவில்லை; கருத்துப்போயிருந்தால், குஞ்சுகளின் கண்கள் உருவாகி அவை வெளிவரும் காலம் நெருங்கிவிட்டது. கத்தாழை மீன் வாங்கினால் தலையை வீசிவிட வேண்டாம். அதற்குள் வெள்ளை நிறத்தில் இரண்டு பெரிய செவிக்கற்கள் இருக்கும். இத்தகைய கற்களில் உள்ள வளையங்களை எண்ணித்தான் ஆய்வாளர்கள் மீன்களின் வயதைக் கணிக்கிறார்கள். இவற்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் ஒருமுறை விளக்கிக் காட்டட்டும். தனக்கு எவ்வளவு தெரியும், எங்கே தடுமாறுகிறோம் என்பது அப்போதே அவளுக்குப் புரிந்துவிடும்.

உங்கள் ஊர் வழியாகவே ஓடும் தென்பெண்ணையையும் மறக்க வேண்டாம். கிருஷ்ணகிரி அணையில் தேங்கும் அந்த நீர் சாத்தனூரைத் தாண்டிக் கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. அணை மீனிலிருந்து தொடங்கி முகத்துவார மீன் வரை ஓர் ஆற்றைப் பின்தொடர்ந்து போவது, கடற்கரையில் பிறந்த பிள்ளைகளுக்குக்கூட எளிதில் வாய்க்காத படிப்பு. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிர் வளர்ப்பு மையம் இருக்கிறது. நாம் ஜிலேபிக் கெண்டை என்று வாங்கும் திலேப்பியாவின் மேம்படுத்தப்பட்ட இனத்தை அங்கே வளர்க்கிறார்கள். முன்கூட்டிக் கடிதம் எழுதி, பள்ளி வழியாக அனுமதி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. "துறைமுகப் பணி அனுபவம், சான்றிதழுடன்" என்று ஒரு கோடை முகாமுக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, ஓசூர்

பதில்: 14 வயது நிறையாத பிள்ளையைப் பணியில் அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது, ஆகவே 12 வயதில் "பணி அனுபவம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. சுற்றிப் பார்க்கும் முகாம் என்றால், உடன் வரும் உயிரியல் ஆசிரியர் யார், தண்ணீரில் இறங்கும்போது உயிர்காப்பு அங்கி உண்டா, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழை எந்தக் கல்லூரியும் கேட்கப்போவதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்கள் சிலரை மே மாதத்தில் கடலூர்ப் பக்கம் அழைத்துச் செல்ல நினைக்கிறேன். அது மீன்பிடித் தடைக்காலம், துறைமுகத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பயணத்தைத் தள்ளிப்போடலாமா?
– ஓர் ஆசிரியர், பாலக்கோடு

பதில்: தள்ளிப்போட வேண்டாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை; முன்பு 45 நாட்களாக இருந்ததை நீட்டித்தார்கள். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை இதே நாட்களில் வருவதை நான் நல்வாய்ப்பு என்றே சொல்வேன். மற்ற மாதங்களில் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் நேரத்தில் மாணவர்களுடன் போய் நின்றால், ஐஸ் பெட்டிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் இடையில் உங்களுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. தடைக்காலத்தில் மீனவர்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டும் கரையில் இருக்கிறார்கள். மரியாதையாகக் கேட்டால் வலைக்கண்ணின் அளவு முதல் நீரோட்டம் வரை சொல்வார்கள். வருமானம் நின்றுபோன காலம் அது என்பதை மட்டும் மாணவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள், "ஏன் சும்மா இருக்கிறீர்கள்?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

கரையேற்றிய படகின் அடிப்பாகத்தைக் கட்டாயம் காட்டுங்கள். கடலில் மிதக்கும்போது நம் கண்ணில் படாத அந்தப் பகுதியில், சுண்ணாம்புக் கூம்புகள் போல் கொட்டலசுகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். சிப்பி வகை என்றே பலர் நினைப்பார்கள். உண்மையில் அவை நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரிந்து, பிறகு தலைப்பக்கத்தை ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் கால்களால் நீரைத் துழாவி உணவைப் பிடித்துக்கொள்கின்றன. இவை பெருகினால் படகின் வேகம் குறைந்து டீசல் செலவு கூடும் என்பதால்தான் சுரண்டி எடுக்கிறார்கள். உயிரியல், இயற்பியல், பொருளாதாரம் மூன்றையும் ஒரே இடத்தில் நடத்திவிடலாம்.

தடை விசைப்படகுகளுக்குத்தான்; நாட்டுப்படகுகள் கரையோரத்தில் பிடித்து வருவதைக் காலையில் பார்க்க முடியும். நேரம் இருந்தால் தெற்கே சிதம்பரம் பக்கம் போய், வெள்ளாற்று முகத்துவாரத்தில் அமைந்த பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தையும், பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்குதிரை, கடல் அட்டை, பவளம் ஆகியவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. காய்ந்து கிடக்கிறதே என்று ஒரு துண்டுப் பவளத்தைக்கூட மாணவர்கள் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்க ஆசை. "ஒகேனக்கல் பக்கத்துப் பெண்ணுக்குக் கடல் எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு மாணவி, பென்னாகரம்

பதில்: ஒகேனக்கல்லில் விழும் காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது என்பதையும், ஆற்றில் வளரும் விலாங்கு முட்டையிடக் கடலுக்குத்தான் போகிறது என்பதையும் வீட்டில் சொல்லிப் பாருங்கள், அம்மா. அதற்கும் மசியாவிட்டால் படிப்பின் விவரத்தைச் சொல்லுங்கள். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012 முதல் இயங்குகிறது; அதன் கீழுள்ள தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இல் தொடங்கப்பட்டது. இளநிலை மீன்வள அறிவியல் நான்காண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மீன்வளப் படிப்புக்கும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அலைவது மிச்சமாகும்.

தேர்வு முடிந்ததும் சென்னையில் உறவினர் இருந்தால் சில நாட்கள் தங்கி வாருங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். முட்டை பொரிய ஏறத்தாழ 45 முதல் 55 நாட்கள் ஆவதால், உங்கள் தேர்வு முடிந்த பிறகு, ஏப்ரல் மாதத்தில் குஞ்சுகளைக் கடலில் விடும் வேலை நடந்துகொண்டிருக்கும். முதல் முறை போகும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், "கடல் எதற்கு?" என்று கேட்டவரே வந்தால் இன்னும் நல்லது.