பிக்கப்பில் கேம்பர் கட்டியாச்சு, ஆர்சியில் என்ன இருக்கிறது?

கேள்வி, சுருக்கமாக: திண்டுக்கல் பக்கம் இருந்து ஒரு வாசகர். மஞ்சள் போர்டு சிங்கிள் கேப் பிக்கப் வைத்திருக்கிறார். பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பழைய டெக்கை (பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியை) கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் டூல் பாக்ஸ் வைத்த அலுமினிய பாடியும், அதற்கு மேலே வண்டியை நிறுத்தியதும் கூரை மேலே எழும்பும் கேம்பர் அறையும் செய்யச் சொல்லி 3.80 லட்சம் கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் என்று சொன்ன வேலை எட்டு மாதம் ஆனது. ஏற்காட்டில் முதல் மழைக்கே கூரைத் துணியின் ஓரம் ஒழுகி மெத்தை ஊறிவிட்டது. பட்டறைக்காரர் போனை எடுப்பதில்லை. இதற்கிடையில் வாகனச் சோதனையில் மாட்டி, பதிவை ஏன் இடைநிறுத்தக் கூடாது என்று ஆர்டிஓ நோட்டீஸ் வந்திருக்கிறது. மோசடி வழக்கா, நுகர்வோர் ஆணையமா, எது முதலில் என்று கேட்கிறார்.

பதில்:

ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டிய வரி ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: "ஆர்டிஓவில் நாங்கள் எதுவும் எழுதிக் கேட்கவில்லை, பட்டறையில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்." உங்கள் வழக்கே இதுதான். எட்டு மாதத் தாமதம், ஒழுகும் கூரை, பட்டறையை அறிமுகப்படுத்திய மச்சானோடு வந்த மனஸ்தாபம் எல்லாம் இதற்கு அப்புறம். மச்சான் விஷயத்தில் சட்டத்தால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்ததற்கும் ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றிதழில், உள்ள விவரத்துக்கும் முரண் வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ(4) வந்தது: அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது யாரைப் பிடிக்கிறது என்று பாருங்கள். உரிமையாளரை, அதாவது உங்களை. தயாரிப்பாளர், டீலர் ஆகியோருக்கு வேறு உட்பிரிவு இருக்கிறது. பட்டறைக்காரர் இரண்டும் இல்லை. "செய்தது அவர்தானே" என்று நீங்கள் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது இங்கே எடுபடாது.

எடை மேடை சீட்டை இணைத்து, "மொத்த எடைக்குள்தான் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆர்சியில் வெறும் வண்டி எடை 1,690 கிலோ. உங்கள் சீட்டில் காலி வண்டியே 2,480 கிலோ. மொத்தம் 2,990 வரை போகலாம் என்பதால் ஓவர்லோடு கேஸ் வராது, சரி. ஆனால் 790 கிலோ நிரந்தரமாக ஏறியிருக்கிறது என்பதற்கு நீங்களே முத்திரை போட்ட சாட்சியத்தை வைத்திருக்கிறீர்கள். அதை யாரிடமும் நீட்டாதீர்கள்.

மோசடி வழக்கு வேண்டாம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 318, அதாவது மோசடிப் பிரிவு, நிற்கும். வேலையைச் செய்து, வண்டியைக் கையில் கொடுத்து, அது மட்டமாக இருந்தால் ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள், அதில் தப்பும் இல்லை. அதைவிட மோசம், புகாரில் "என் வண்டியின் டெக்கை வெட்டி எடுத்து" என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். ஆர்டிஓ நோட்டீசுக்கு அதைவிட நல்ல ஒப்புதல் வாக்குமூலம் கிடைக்காது.

நுகர்வோர் ஆணையம் போகலாம், பணம் திரும்பச் சொல்லி உத்தரவும் வரலாம். ஆனால் நான் கட்சிக்காரர்கள் சிக்கிப் பார்த்திருக்கும் இடம் இதுதான், இதைப் பொறுமையாகப் படியுங்கள். கூரை ஒழுகுகிறது, வெல்டிங் சரியில்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால் வண்டி அப்படியே இருக்க வேண்டும், நிபுணர் வந்து பார்க்க வேண்டும், எதிர்த்தரப்பு அந்த அறிக்கைக்கு ஆட்சேபணை போடும், வாய்தா வாங்கும். இந்தப் பக்கம் ஆர்டிஓ கேட்பதோ இதற்கு நேர் எதிரானது: கழற்று, பழையபடி ஆக்கு, கொண்டுவந்து காட்டு. 53-வது பிரிவில் பதிவை இடைநிறுத்தி, அது தொடர்ச்சியாக ஆறு மாதம் நீடித்தால் 54-ன்படி பதிவையே ரத்து செய்ய முடியும். நுகர்வோர் வழக்கு ஆறு மாதத்தில் முடியும் என்று எந்த வக்கீலாவது சொன்னால் அவருக்கு வக்காலத்து கொடுக்காதீர்கள். சாட்சியத்தைக் காப்பாற்றினால் வண்டி போகும், வண்டியைக் காப்பாற்றினால் சாட்சியம் போகும். அடுத்த எஃப்சி (தகுதிச் சான்று) வேறு வரப்போகிறது, இந்த பாடியோடு போய் நின்றால் எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொன்று. "விரைவில் வாடகைக்கு" என்று இன்ஸ்டாகிராமில் படம் போட்டதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். வணிக நோக்கம் என்றால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபணையாக இருக்கும், அந்தப் படத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து வைப்பார்கள். சொந்தக் குடும்பத்துக்குத்தான் கட்டினேன் என்று எழுதியதற்கும் அந்தப் படத்துக்கும் இடையில் நான் நின்று வாதாட விரும்ப மாட்டேன்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். ஏற்காடு போனபோது "பிள்ளைகள் பின்னால் கேம்பரில் படுத்துக்கொண்டே வந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள், நண்பரின் மகனும் சேர்த்து. உங்கள் ஆர்சியில் சீட்டிங் மூன்று. வண்டி சரக்கு வாகனம். சரக்கு வாகனத்தில் ஏறிப்போகிற பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சரக்கின் சொந்தக்காரர், அவருடைய ஆள் என்று ஒரு சின்ன விலக்கு உண்டு, மெத்தையில் படுத்திருக்கும் பத்து வயதுப் பையன் அதில் வர மாட்டான். குலதெய்வம் கோயிலுக்கு ஆள் ஏற்றிப்போன குட்டியானை வழக்குகளை மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பெனி வக்கீல் நீளமாக எதுவும் கேட்க மாட்டார். ஆர்சி நகலை ஓனர் கையில் கொடுத்து, "சீட்டிங் எவ்வளவு, படியுங்கள்." "மூன்று." "பின்னால் எத்தனை பேர்?" அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவார். தீர்ப்புத் தொகை ஓனர் தலையில். சில நேரம் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவாகும், அப்போது நிறைவேற்று மனு வீட்டுக்கு வரும், சொத்து ஜப்தி வரை போகும். நீங்கள் கட்டியிருக்கும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு ஓனர்-டிரைவருக்கு மட்டும், பிள்ளைகளுக்கு இல்லை. நண்பர் வழக்குப் போட மாட்டார் என்று தோன்றும், எனக்குத் தெரிந்த அத்தனை ஓனர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. வண்டிச் சேதத்துக்கான கிளெய்மும் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் என்று நிராகரிக்கப்படும், வாதாடி ஒரு பகுதியை வாங்கலாம்.

அதனால் சமரசம். கசப்பாக இருக்கும், ஆனாலும் அதைத்தான் சொல்வேன். உங்கள் பழைய டெக் எங்கே? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பட்டறைக் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கலாம், பழைய இரும்புக்காரனுக்கு ஏற்கெனவே போயிருக்கலாம். உங்கள் 3.80 லட்சத்தைவிட இப்போது அந்த டெக் முக்கியம், ஏனென்றால் அது இருந்தால்தான் வண்டியை ஆர்சியில் உள்ளபடி காட்டுவது சுலபம். நேரில் போங்கள், மச்சானையே கூட்டிக்கொண்டு போங்கள். பட்டறைக்காரர் தன் செலவில் பழைய டெக்கைத் திரும்ப மாட்டித் தர வேண்டும், அலுமினிய பாடியையும் கேம்பரையும் அவரே வைத்துக்கொள்ளட்டும், பணத்தில் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டால் ஒப்பந்தத்தை முடியுங்கள். முழுப் பணத்துக்கும் முரண்டு பிடிக்காதீர்கள். அதில் பாதி உடனே வங்கிக் கணக்கில், மீதிக்குத் தேதி போட்ட செக். செக் திரும்பினால் அதற்கென்றே மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு இருக்கிறது, அது உங்கள் நுகர்வோர் வழக்கைவிடக் கெட்டியான பிடி. கழற்றுவதற்கு முன் ஒரு பொறியாளரை வைத்து ஒழுகும் இடம், வெல்டிங் எல்லாம் படம் எடுத்து அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு முறிந்தால் தேவைப்படும்.

கேம்பர் ஆசை விடவில்லையா? டெக்கில் கை வைக்காமல், ஜாக்கி போட்டுத் தூக்கி இறக்கிவிடக்கூடிய தனிப் பெட்டியாகச் செய்தால் அது மாற்றம் இல்லை, சரக்குதான் என்று வாதாட இடம் இருக்கிறது. உயரம், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பது இரண்டையும் கவனிக்க வேண்டும், நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ)-ல் 20,000 ரூபாய் அபராதம். ஓடும்போது உள்ளே ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. கூரையைத் திறப்பது வண்டி நின்ற பிறகுதான் என்பதால் அதில் சிக்கல் இல்லை.

ஆர்டிஓ நோட்டீசுக்குப் பதில் இந்த வாரமே போக வேண்டும்: பழையபடி மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஆய்வுக்குக் கொண்டுவர இத்தனை நாள் அவகாசம் வேண்டும், இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். பட்டறைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இனி எதுவும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே அனுப்பியதை அழிக்கவும் வேண்டாம், அவர் போனில் இருக்கத்தான் போகிறது.