ஓசையில்லாமல் இறங்கும் கண்ணாடி

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பாவிடம் 1960களில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 600 ஒன்று இருக்கிறது. அதைக் கடந்துபோகும்போதெல்லாம் நின்று பார்த்துவிடுகிறேன். ஆனால் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன் போன்றவர்கள் வைத்திருந்த வண்டி என்று படித்ததிலிருந்து அதை ரசிப்பதே குற்றமாகப் படுகிறது. மனச்சாட்சி உள்ள ஒருவன் இப்படியொரு ஆடம்பரக் காரை ரசிக்கலாமா? எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அதன் ஹைட்ராலிக் ஜன்னல் கண்ணாடிகளில் எண்ணெய் கசிவதால் பெரியப்பா அவற்றை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்தப்போகிறார். அது தனிக் கதை.

கா.

அன்புள்ள கா.,

தனிக் கதையா? உங்கள் கடிதத்தில் என் தூக்கத்தைக் கெடுத்த வரியே அதுதான்.

ரசிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ரசியுங்கள். கொடுங்கோலர்களும் அதை வைத்திருந்தார்கள், பாடகர் எல்விஸ் பிரெஸ்லியும் வைத்திருந்தார். அதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை. என் கோபம் வேறு. அதில் உட்கார்ந்தவர்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நீங்கள், அதைச் செய்தவர்களைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லையே!

போன வாரம் ஒரு புதிய காரில் போனேன். காற்றுக்காகக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்க நினைத்தேன். நான்கு முறை முயன்றும் அது முனகிக்கொண்டே முழுவதும் இறங்கியது. அப்போதிருந்து ஒரு பழைய 600தான் மனதில் நிற்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் அதைப் பார்த்தேன். அங்கிருந்த முதிய மெக்கானிக் என்னைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கான பொத்தானை அழுத்தச் சொன்னார். மெல்ல அழுத்தினேன். கனத்த கண்ணாடி நகர்கிறதா என்றே தெரியாமல் ஒரு நூலளவு இறங்கியது. அழுத்தத்தைக் கூட்டினேன், சட்டென்று கதவுக்குள் போய்விட்டது. இரண்டு முறையும் ஓசை இல்லை. என் விரலே கண்ணாடியைப் பிடித்து இறக்கியதுபோல் இருந்தது.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது ஒரு வால்வு. எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு திறக்கும். அவ்வளவு எண்ணெய் பாயும். அந்த வேகத்தில் கண்ணாடி நகரும். எஞ்சினால் ஓடும் பம்ப் எண்ணெயை ஏறக்குறைய 150 பார் அழுத்தத்தில் வைத்திருக்கிறது. கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம், ஒப்பிட்டுப் பாருங்கள். (ஏற்றும்போது குழந்தைகளின் விரல்கள் பத்திரம். இந்தக் கண்ணாடி தானாக நிற்காது.) அழுத்தத்தைச் சேமிக்கத் தனிக் கலன் இருப்பதால்தான் எஞ்சின் நின்ற பிறகும் எனக்குக் கண்ணாடி இறங்கியது. இருக்கைகளை நகர்த்துவதும், பின்பக்க டிக்கியின் மூடியைத் திறந்து மூடுவதும் இதே எண்ணெய்தான்.

1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் இந்த வண்டி வந்தபோது மின்மோட்டார் கண்ணாடிகள் புழக்கத்தில் இருந்தன. அவை முனகின. ஒரு முனகலை ஒழிப்பதற்காகக் கதவுகளுக்குள்ளும் இருக்கைகளுக்கு அடியிலும் குழாய் இழுத்தவர்களை நினைத்துப் பாருங்கள்! எல்லோரும் 6.3 லிட்டர் வி8 எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். இரண்டரை டன் வண்டியை மணிக்கு 205 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோகிற எஞ்சின், பேசட்டும். எனக்கு அந்த வால்வுதான் ஆடம்பரம். உள்ளே இருப்பவரின் விரல் என்ன நினைக்கிறது என்று ஒருவர் வரைபலகை முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். 1981 வரை மொத்தம் 2,677 வண்டிகளே வந்தன. அதிலொன்றில் அந்த யோசனையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எந்த வண்டியிலும் கிடைக்கிற மோட்டாரை வைப்பதா?

பெரியப்பாவின் சலிப்பு எனக்குப் புரிகிறது. வேலை எளிதென்று பொய் சொல்லமாட்டேன். ஓடாமல் நிற்கும் வண்டியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் இறுகிவிடும். ஒரு கசிவை அடைத்தால், முழு அழுத்தம் ஏறியதும் அடுத்த பலவீனமான சீலில் எண்ணெய் எட்டிப்பார்க்கும். வயதான காலத்தில் ஒருவர் தனியாக இதோடு மல்லுக்கட்ட முடியாது. நீங்கள் கூட உட்காருங்கள். வெறுமனே நின்று பார்ப்பதைவிட அது நல்ல ரசனை.

அவர் அப்படியும் கேட்கவில்லை என்றால், கழற்றும் ஒவ்வொரு வால்வையும் குழாயையும் எந்தக் கதவுடையது என்று எழுதிக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். மோட்டாரைப் பொருத்துவதற்காகக் கதவின் தகட்டில் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள்.